முளையில் தெரியாத பயிர்



நம் தமிழ்ப்பள்ளிகளில் அதிகமாகப் புழங்கும் பழமொழிகளை வரிசைப்படுத்தினால், 'விளையும் பயிர் முளையிலே தெரியும்' என்பது முதல் மூன்று இடங்களுக்குள் வந்துவிடும். பரிசளிப்பு விழாவில் சிறப்புரையாற்ற வருபவர் அதைச் சொல்வார். பெற்றோர் சந்திப்பு நாளில் நாமும் சொல்வோம். நன்றாகப் படிக்கும் பிள்ளையின் தாய் தந்தையருக்கு அது தேனாக இனிக்கும். அடுத்த நாற்காலியில், தம் பிள்ளையின் மதிப்பெண் அட்டையை இரண்டாக மடித்துக் கையில் வைத்துக்கொண்டு அமர்ந்திருப்பவருக்கு அதே பழமொழி என்ன சொல்கிறது என்பதை நாம் எண்ணிப் பார்ப்பதில்லை. 2021ஆம் ஆண்டில் யூ.பி.எஸ்.ஆர். தேர்வு நீக்கப்பட்ட பிறகும், பன்னிரண்டு வயதிலேயே ஒரு பிள்ளைக்குத் தீர்ப்பு எழுதிவிடும் பழக்கம் நம்மைவிட்டு நீங்கியதாகத் தெரியவில்லை.

இந்தப் பழமொழியை எண்ணும்போதெல்லாம் எனக்கு ஒரு சீனப் பூப்பந்து வீராங்கனை நினைவுக்கு வருவார். அவர் பெயர் ஜாங் நிங்.

மலேசியர்களாகிய நமக்குப் பூப்பந்தை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. 2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 17ஆம் நாள், பெய்ஜிங் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் நம் லீ சோங் வெய், லின் டானிடம் 12-21, 8-21 எனத் தோற்றதை நாம் மறந்திருக்க மாட்டோம். அதற்கு முந்திய நாள் அதே அரங்கில் மகளிர் ஒற்றையர் இறுதியாட்டம் நடந்தது. நம்மில் பலர் அதைக் கவனித்திருக்க மாட்டோம். மறுநாள் ஆட்டத்தைப் பற்றிய படபடப்பில் இருந்தோம். அன்று தங்கம் வென்ற ஜாங் நிங்குக்கு வயது 33. பூப்பந்து ஒற்றையர் பிரிவில், ஆடவரிலும் மகளிரிலும், வென்ற ஒலிம்பிக் தங்கத்தை அடுத்த ஒலிம்பிக்கில் தக்கவைத்துக்கொண்ட முதல் மனிதர் அவர்தான். லின் டான் அந்தச் சாதனையைச் செய்தது அதற்கு நான்கு ஆண்டுகள் கழித்து.

இந்தத் தங்கப் பயிரின் முளை எப்படி இருந்தது என்று பார்ப்போம்.

ஜாங் நிங் 1975ஆம் ஆண்டு மே 19ஆம் நாள், சீனாவின் லியாவ்நிங் மாநிலத்தில் உள்ள ஜின்ஜோ நகரில் பிறந்தவர். இளம் வயதிலேயே தேசிய அணிக்குத் தேர்வு பெற்றார். 1994ஆம் ஆண்டு மே மாதம், ஜகார்த்தாவில் ஊபர் கிண்ண இறுதியாட்டம் நடந்தது. 1984 முதல் 1992 வரை, தொடர்ந்து ஐந்து முறை அந்தக் கிண்ணத்தைச் சீனாவே வென்றிருந்தது. இறுதியாட்டத்தில் சீனாவும் இந்தோனேசியாவும் இரண்டுக்கு இரண்டு எனச் சமநிலைக்கு வந்தன. ஐந்தாவது ஆட்டமே கிண்ணம் யாருக்கு என்பதை முடிவு செய்ய வேண்டும். அதை ஆடும் பொறுப்பு, அந்த மாதத்தில் 19 வயதை நிறைவு செய்த ஜாங் நிங்கின் தோளில் விழுந்தது. எதிரே நின்றவர் மியா அவுடினா. அவருக்கு வயது 14. நம் பள்ளிக் கணக்கில் இரண்டாம் படிவ மாணவியின் வயது!

மூன்று செட்கள் நீடித்த அந்த ஆட்டத்தில் ஜாங் நிங் தோற்றார். உள்ளூர் இரசிகர்களின் ஆரவாரத்தால் அரங்கமே அதிர்ந்தது. பத்தாண்டுகள் சீனாவிடம் இருந்த கிண்ணம் கைமாறியது. (அதே தொடரில் நம் நாடு தாமஸ் கிண்ணத்தை இந்தோனேசியாவிடம் 0-3 எனப் பறிகொடுத்தது மூத்த வாசகர்களுக்கு நினைவிருக்கும்.) 'முதல் கோணல் முற்றும் கோணல்' என்று அன்றே ஜாங் நிங்கின் ஏட்டை மூடி வைத்திருந்தால், குறை சொல்ல ஆளிருந்திருக்காது.

சென்ற ஆண்டு, ஐந்தாம் ஆண்டு மாணவர்களுக்கான நன்னெறிக் கல்விப் பாடவேளையில், 'ஊக்கமுடைமை' என்னும் பண்புக்கு இவருடைய வாழ்க்கையை எடுத்துக்காட்டாகக் கொண்டேன். அதற்கு ஒரு காரணம் இருந்தது. அந்த வாரம் எங்கள் பள்ளிப் பூப்பந்துக் குழு, மாவட்ட நிலைப் போட்டியில் தோற்றுத் திரும்பியிருந்தது. இரண்டுக்கு இரண்டு என்று இருந்தபோது கடைசி ஆட்டத்தை ஆடித் தோற்ற மாணவி அந்த வகுப்பில்தான் இருந்தாள். யாரும் அவளைத் திட்டவில்லை. ஆயினும், மறுநாள் முதல் அவளாகவே கடைசி வரிசைக்குப் போய் அமர்ந்துகொண்டாள். இனிமேல் பிள்ளையைப் பூப்பந்துப் பயிற்சிக்கு அனுப்பப் போவதில்லை, பாடத்தில் கவனம் செலுத்தட்டும் என்று அவளுடைய தந்தை என்னிடம் கைப்பேசியில் தெரிவித்திருந்தார்.

நான் ஜகார்த்தா தோல்வியைச் சொன்னேன். பிறகு, பத்தாண்டுகள் கழித்து 2004ஆம் ஆண்டு ஆகஸ்டு 19ஆம் நாள் நடந்ததைச் சொன்னேன். ஆதென்ஸ் ஒலிம்பிக் இறுதியாட்டத்தில் ஜாங் நிங்கின் எதிரே வந்து நின்றவர் அதே மியா அவுடினா. முதல் செட்டை ஜாங் நிங் 8-11 என இழந்தார். அடுத்த இரண்டையும் 11-6, 11-7 என வென்று தங்கம் பெற்றார். கதை சொல்பவனுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? மாணவர்கள் கை தட்டினார்கள். பெரியவர்கள் கூடிய அரங்காக இருந்திருந்தால் பேச்சு அத்துடன் முடிந்திருக்கும். பிள்ளைகளோ கேள்வி கேட்டார்கள்.

முதல் கேள்வி கடைசி வரிசையிலிருந்து வந்தது. "நடுவுல பத்து வருஷம் அவங்க என்ன செஞ்சாங்க, ஆசிரியர்?"

நாம் சொல்லும் முன்னேற்றக் கதைகளில் இந்தப் பத்தாண்டுகள் 'பல தடைகளைத் தாண்டி' என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடும். ஆனால், தோற்றுவிட்டு வந்து அமர்ந்திருக்கும் பிள்ளைக்குத் தேவைப்படுவது அந்த இடைப்பட்ட காலம்தான். ஆகவே, வெண்பலகையில் ஆண்டுகளை வரிசையாக எழுதினேன். 1995, 1997 ஆகிய ஆண்டுகளில் உலகப் பூப்பந்துப் பட்டத்தை வென்றவர் ஜாங் நிங்கின் அணித்தோழி யே ஜாவ்யிங். 1996ஆம் ஆண்டு அட்லாண்டா ஒலிம்பிக்கில் ஜாங் நிங் ஆடவில்லை. 2000ஆம் ஆண்டு சிட்னி ஒலிம்பிக்கிலும் ஆடவில்லை. அங்கே தங்கம் வென்றவர் மற்றோர் அணித்தோழியான கோங் ஜிச்சாவ். அப்போது ஜாங் நிங்குக்கு வயது 25. சீன அணியில் பல வீராங்கனைகள் மட்டையை வைத்துவிட்டு வேறு வாழ்க்கையைத் தொடங்கும் வயது அது. அவரைவிட இளையவர்கள் வரிசையில் காத்திருந்தார்கள்.

அவர் என்ன செய்தார்? பயிற்சிக்குப் போனார். அடுத்த நாளும் போனார். பெரிய மேடைகளில் மற்றவர்கள் நிற்பதைப் பார்த்துக்கொண்டே பயிற்சியைத் தொடர்ந்தார். 2003ஆம் ஆண்டு பர்மிங்ஹாமில் நடந்த உலகப் போட்டியின் இறுதியில் கோங் ருய்னாவை 11-6, 11-3 என வென்று உலக வெற்றியாளர் ஆனபோது அவருக்கு வயது 28. "இதுதான் அந்தப் பத்து வருஷம்" என்றேன். அந்த மாணவி வெண்பலகையில் இருந்த ஆண்டுகளைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள்.

இங்கே பெற்றோர்களுக்கு ஒன்று சொல்ல விரும்புகிறேன். விடாமுயற்சி என்பது தனி ஒருவரின் மன உறுதி மட்டுமன்று. காத்திருப்பதற்கு ஓர் இடமும் வேண்டும். ஜாங் நிங்குக்குப் பயிற்சி மண்டபத்தில் ஓர் இடம் பத்தாண்டுகள் இருந்தது. சீன அணியின் அமைப்பில் நாம் ஏற்க முடியாதவை பல உண்டு. அவற்றுள் ஒன்றுக்குச் சற்று நேரத்தில் வருகிறேன். ஆனால், ஜகார்த்தாவில் கிண்ணத்தை இழந்த பெண்ணை அந்த அமைப்பு உடனே வீட்டுக்கு அனுப்பிவிடவில்லை. நாமோ ஒரு மாவட்டப் போட்டிக்கே பிள்ளையின் மட்டையை அலமாரியில் பூட்டிவிடுகிறோம். வள்ளுவப் பெருந்தகை ஆள்வினையுடைமைக்கு ஓர் அதிகாரம் வகுத்ததோடு நிற்காமல், காலமறிதலுக்கும் தனியாக ஓர் அதிகாரம் வகுத்தது காரணமின்றி அன்று. முயற்சி பிள்ளையுடையது. காலம் கொடுப்பது நம்முடைய கடமை.

இரண்டாவது கேள்வியை ஒரு மாணவன் கேட்டான். "அந்தச் சின்னப் பொண்ணு என்ன ஆனாங்க?"

மியா அவுடினாவைத்தான் கேட்டான். முளையிலேயே தெரிந்த பயிர் என்றால் அவர்தான். 14 வயதில் நாட்டுக்குக் கிண்ணம் வென்று கொடுத்தவர். 16 வயதில் அட்லாண்டா ஒலிம்பிக் இறுதியாட்டம் வரை சென்று, தென்கொரியாவின் பாங் சூ ஹியூனிடம் தோற்று வெள்ளி பெற்றார். திருமணத்திற்குப் பின் நெதர்லாந்துக்குக் குடிபெயர்ந்து அந்நாட்டுக்காக ஆடினார். ஆதென்ஸில் ஜாங் நிங்கிடம் தோற்றபோது அவர் பெற்றதும் வெள்ளிதான். இரண்டு நாடுகளுக்காக இரண்டு ஒலிம்பிக் வெள்ளிகள். உலகில் எத்தனை பேருக்கு அது வாய்க்கும்? ஆனால், 14 வயதில் அவரைத் தோளில் தூக்கி வைத்துக் கொண்டாடியவர்கள் எதிர்பார்த்த ஒலிம்பிக் தங்கம் அவருக்குக் கடைசிவரை கிட்டவில்லை. ஆக, நம் பழமொழி இரண்டு பேரிடத்திலும் பொய்த்தது. ஒருவருக்கு முளையைப் பார்த்துக் குறைவாகக் கணித்தார்கள். மற்றவருக்கு முளையைப் பார்த்தே முழு விளைச்சலையும் எழுதி வைத்தார்கள். நம் வகுப்பில் எப்போதும் முதல் நிலையில் வரும் பிள்ளை சுமக்கும் சுமையையும் நாம் அறிந்திருக்க வேண்டும் அல்லவா?

மூன்றாவது கேள்விதான் என்னை நெடுநேரம் நிற்க வைத்தது. வெண்பலகையில் ஆதென்ஸ் அரையிறுதி முடிவுகளையும் எழுதியிருந்தேன். ஒரு பக்கம் மியா அவுடினா, கோங் ருய்னாவை வென்றார். மறுபக்கம் ஜாங் நிங், தம் அணித்தோழி ஜோ மியை 11-6, 11-4 என வென்றார். "ஒரே நாட்டுக்காரங்க மோதினா யாரு விட்டுக்கொடுப்பாங்க?" என்று ஒரு சிறுமி விளையாட்டாகக் கேட்டாள்.

நடந்ததும் அதுதான். 2008ஆம் ஆண்டு, சீன அணியின் தலைமைப் பயிற்றுநர் லி யோங்போ, சீனத் தொலைக்காட்சிக்கு அளித்த நேர்காணலில் இதை வெளிப்படையாகவே கூறினார். மியாவை எதிர்கொள்ள ஜாங் நிங்கே பொருத்தமானவர் என்று அணி கருதியதாகவும், அதனால் அந்த அரையிறுதியில் ஜாங் நிங்குக்கு வழிவிடும்படி ஜோ மிக்குச் சொல்லப்பட்டதாகவும் ஒப்புக்கொண்டார். ஜோ மி மூன்றாம் இடத்துக்கான ஆட்டத்தில் வென்று வெண்கலம் பெற்றார்; பின்னாளில் ஹாங்காங்குக்குச் சென்று அதற்காக ஆடினார். இதே போன்ற கட்டளை 2000ஆம் ஆண்டு சிட்னி அரையிறுதியில் தமக்கும் இடப்பட்டதாக, யே ஜாவ்யிங் 2022ஆம் ஆண்டு டென்மார்க் தொலைக்காட்சி ஒன்றில் குற்றஞ்சாட்டினார்.

இதை மாணவர்களிடம் அவர்களுக்குப் புரியும் அளவில் சொன்னேன். வகுப்பு சற்று அமைதியானது. பிறகு முன்வரிசை மாணவன் ஒருவன் எழுந்து, "விட்டுக்கொடுக்கும் மனப்பான்மை நல்ல பண்புதானே, ஆசிரியர்? நம்ம பாடநூல்ல இருக்கே?" என்றான்.

நன்னெறிக் கல்வி போதிக்கும் ஆசிரியர்கள் அறிவார்கள்: நம் பாடத்திட்டத்தில் ஊக்கமுடைமையும் உண்டு, நேர்மையும் நியாயமும் உண்டு, விட்டுக்கொடுக்கும் மனப்பான்மையும் உண்டு. ஒவ்வொன்றையும் தனித்தனியாகப் போதிக்கும்போது சிக்கலே இல்லை. ஒரே ஆட்டத்தில் நான்கும் வந்து நின்றால் என்ன செய்வது?

நான் அவனிடமே திருப்பிக் கேட்டேன். "உன் பிட்டுவில் பாதியை நீயே நண்பனுக்குக் கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன? பெரியவர் ஒருவர் வந்து, 'கொடுத்துவிடு, மறுபேச்சுப் பேசாதே' என்று வாங்கிக் கொடுத்தால் அதற்குப் பெயர் என்ன?" அவன் யோசித்து, "இரண்டாவது விட்டுக்கொடுக்கிறது இல்ல. புடுங்கிக் கொடுக்கிறது" என்றான். நான் அதற்கு மேல் விளக்க வேண்டியிருக்கவில்லை. விட்டுக்கொடுத்தல் என்பது தன்னுடையதைத் தானே மனமுவந்து தருவது. மறுக்கும் உரிமை இல்லாதவரிடம் பெறுவது விட்டுக்கொடுத்தல் ஆகாது. மேலும், அந்த அரையிறுதி ஜோ மிக்கு மட்டும் உரியதன்று. சீட்டு வாங்கி அரங்கில் அமர்ந்தவர்களுக்கும், மறுபக்கத்தில் உண்மையாக ஆடி வந்த மியாவுக்கும், ஏன், உண்மையாகவே வென்று இறுதிக்குப் போயிருக்கக்கூடிய ஜாங் நிங்குக்கும் அது உரியது.

இதனால் ஜாங் நிங்கின் பெருமை குறைகிறதா? ஆதென்ஸ் பதக்கத்தைப் பற்றி எழுதும் எவரும் அந்த அரையிறுதியையும் எழுதித்தான் ஆக வேண்டும். கட்டளையிட்டது அணி, நிழல் விழுந்ததோ இரண்டு வீராங்கனைகள் மேல். ஆனால், அவர் அதன்பின் நடந்த வழியையும் நாம் முழுமையாகப் பார்க்க வேண்டும். 2005, 2006 ஆகிய இரண்டு உலகப் போட்டிகளிலும் இறுதியில் ஷியே ஷிங்ஃபாங்கிடம் தோற்றார். 2006ஆம் ஆண்டில் ஆட்ட விதியே மாறியது. முன்பு சர்வீஸ் போடுபவர் மட்டுமே புள்ளி பெற முடியும். மகளிர் ஒற்றையரில் 11 புள்ளிகள் எடுத்தால் ஒரு செட். புதிய விதியில் யார் சர்வீஸ் போட்டாலும் ஒவ்வொரு பந்தும் ஒரு புள்ளி; 21 புள்ளிகளுக்கு ஒரு செட். சர்வீஸ் இழந்தாலும் புள்ளி இழக்காமல் பொறுமையாக மீண்டு வரலாம் என்ற பழைய கணக்கு போயிற்று. 31 வயதில் அவர் தம் ஆட்டத்தைப் புதிதாகக் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது. 2007ஆம் ஆண்டு நம் கோலாலம்பூரில் நடந்த உலகப் போட்டியில் பட்டம் வென்றவர் மற்றோர் அணித்தோழியான ஜு லின். ஜாங் நிங் இறுதியை எட்டவில்லை. அகில இங்கிலாந்துப் பட்டம் அவருக்குக் கடைசிவரை கிடைக்கவே இல்லை.

2008ஆம் ஆண்டு ஆகஸ்டு 8ஆம் நாள், பெய்ஜிங் ஒலிம்பிக் தொடக்க விழாவில், அனைத்து விளையாட்டாளர்களின் சார்பாகவும் உறுதிமொழி எடுத்தவர் சீன மேசைப்பந்து வீராங்கனை ஜாங் யினிங். விதிகளை மதித்து உண்மையான விளையாட்டுணர்வுடன் போட்டியிடுவோம் என்பதே அந்த உறுதிமொழியின் சாரம். ஆதென்ஸ் அரையிறுதியைப் பற்றித் தலைமைப் பயிற்றுநர் வாய் திறந்ததும் அதே ஆண்டில்தான் என்பதைச் சேர்த்துப் பார்த்தால், அந்த உறுதிமொழியின் கனம் நமக்குப் புரியும். ஆகஸ்டு 16ஆம் நாள் இறுதியாட்டம். ஜாங் நிங்கின் எதிரே நின்றவர், இரண்டு உலக இறுதிகளில் அவரைத் தோற்கடித்த, அவரைவிட ஐந்து வயதுக்கு மேல் இளையவரான அதே ஷியே ஷிங்ஃபாங். இருவரும் ஒரே நாட்டினர். 21-12, 10-21, 21-18. மூன்றாம் செட்டின் ஒவ்வொரு புள்ளிக்கும் இருவரும் மூச்சிரைக்க ஓடினார்கள். வென்றதும் ஜாங் நிங் அழுதார்.

அதன்பின் அவர் பயிற்றுநராகி, சீன மகளிர் ஒற்றையர் வீராங்கனைகளைப் பயிற்றுவித்தார். 2012ஆம் ஆண்டு லண்டன் ஒலிம்பிக்கில் லி ஷுவேருய், வாங் யிஹானை 21-15, 21-23, 21-17 என வென்று தங்கம் பெற்றார். அதே அரங்கில், அதே வாரத்தில், மகளிர் இரட்டையர் பிரிவில் வேண்டுமென்றே தோற்க முயன்றதற்காகச் சீனா, தென்கொரியா, இந்தோனேசியா ஆகிய நாடுகளைச் சேர்ந்த எட்டு வீராங்கனைகள் போட்டியிலிருந்து நீக்கப்பட்டனர். பார்வையாளர்கள் கூச்சலிட்டு எதிர்ப்புத் தெரிவித்தனர். ஆதென்ஸில் அணியின் நன்மை என்று தொடங்கியது, எட்டு ஆண்டுகளில் உலகமே பார்த்து முகம் சுளிக்கும் இடத்தில் வந்து நின்றது.

சக ஆசிரியர் ஒருவர், "பிள்ளைகளுக்கு இவ்வளவும் தேவையா? ஊக்கம் தரும் பகுதியை மட்டும் சொன்னால் போதாதா?" என்று என்னிடம் கேட்டார். அவர் அக்கறையில்தான் கேட்டார். ஆனால், குறையே இல்லாத வெற்றிக் கதைகளைக் கேட்டு வளரும் பிள்ளை, தன் வாழ்க்கையில் முதல் குறையைக் காணும்போது, தனக்கு மட்டும்தான் இப்படி என்று எண்ணிக்கொள்கிறது. முழுக் கதையைக் கேட்ட பிள்ளைக்கு அந்தத் தனிமை இல்லை. பத்தாண்டுக் காத்திருப்பும் உண்மை. அந்த அரையிறுதியும் உண்மை. 33 வயதில் வென்ற அந்த மூன்றாம் செட்டும் உண்மை. ஒன்றுக்காக மற்றொன்றை மறைத்தால், நாம் நன்னெறி போதிக்கவில்லை, விளம்பரம் செய்கிறோம்.

அந்த மாணவியின் தந்தையிடம் மீண்டும் பேசினேன். அவர் முழுமையாக இணங்கவில்லை. வாரத்தில் ஒரு நாள் மட்டும் அனுப்புவதாகச் சொன்னார். நான் ஏற்றுக்கொண்டேன். குழுவின் பெயர்ப்பட்டியலில் அவள் பெயர் அதே இடத்தில் இருக்கிறது. அவள் ஜாங் நிங் ஆக வேண்டும் என்பதற்காக இதைச் செய்யவில்லை. பெரும்பாலும் ஆகவும் மாட்டாள். தோற்றவுடன் தன் இடம் பறிபோய்விடாது என்பதைப் பதினோரு வயதில் அறிந்துகொண்டால் அதுவே பெரிது.

அன்புப் பெற்றோர்களே, உங்கள் பிள்ளை தோற்றுவிட்டு வீட்டுக்கு வரும் மாலையில், 'ஏன் தோற்றாய்?' என்று கேட்காதீர்கள். 'அடுத்த பயிற்சி என்றைக்கு?' என்று கேளுங்கள். வென்றுவிட்டு வந்தாலும் அதையே கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, முளையைப் பார்த்து விளைச்சலைச் சொல்வதற்கு முன், அதற்குத் தண்ணீர் ஊற்றி எத்தனை நாள் ஆயிற்று என்று ஒரு முறை எண்ணிப் பார்ப்போம்.